உள்ளே போனதெல்லாம் உடம்பாகுமா?

தில்லியில் சனவரி மாதம் வெயில் வந்தால் மனிதர்கள் வேலையைப் போட்டுவிட்டு அதன் கீழே போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். மோதி பாக்கில் என் தம்பி முருகேசன் இருக்கும் அரசுக் குடியிருப்பின் பூங்காவில், நான் போய் இறங்கிய நடுப்பகலில் நல்ல கூட்டம். கோட்டுப் போட்ட குமாஸ்தாக்கள் வேர்க்கடலையை உரித்துத் தோலைப் புல்லில் போட்டபடி கதையடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் திருநெல்வேலியில் வெயிலைக் கண்டால் நிழலுக்கு ஓடுவோம். இங்கே நிழலில் நிற்பவனை உடம்பு சரியில்லையா என்று விசாரிப்பார்கள் போலிருக்கிறது.

நான் ஒரு கல்லூரியில் தத்துவம் கற்பிப்பவள். தத்துவத்துக்கு இப்போது ஆள் சேர்வதில்லை; அதனால் பெரும்பாலும் நீதிபோதனை வகுப்பு எடுத்துச் சம்பளம் வாங்குகிறேன். அப்படிப்பட்டவளைத் தில்லியில் ஒரு கருத்தரங்குக்குப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பு, உயிருள்ளவற்றில் பருப்பொருளும் வடிவமும். ஊரில் எல்லோரிடமும் அதைத்தான் சொல்லிவிட்டு வந்தேன்.

உண்மையான காரியம் வேறு. முருகேசனுக்கு இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுப்போய் டயாலிசிஸில் காலம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் மனைவி கோமதி தன்னுடையதில் ஒன்றைத் தரப்போவதாகச் சொல்லி, அவனுக்குத் தெரியாமலேயே பரிசோதனைகளையெல்லாம் முடித்து வைத்திருந்தாள். அது தெரிந்த நாளிலிருந்து அவன் அவளோடு பேசுவதில்லை. “நீ வந்து தடுத்திரு அக்கா. அவளுக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டுன்னா பிள்ளைக்கு யாரு இருக்கா? நீ சொன்னா கேப்பா” என்று போனில் அழாத குறையாகச் சொன்னான்.

நானே கொடுத்திருப்பேன். எனக்குச் சர்க்கரை இருப்பதால் முதல் கேள்வியிலேயே கழித்துவிட்டார்கள். அவர்கள் மகள் தீபா கல்லூரியில் படிக்கிறாள். அவளைக் கேட்கவே கூடாது என்பதில் மட்டும் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கட்சி. மிச்சம் கோமதிதான்.

கோமதி மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசர். அவளிடம் கையெழுத்து வாங்க ஆண்கள் வாசலில் நிற்பார்கள். வீட்டு வேலைக்கு மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதியிலிருந்து ஒரு அம்மாள் வந்துகொண்டிருந்தாராம். கேம்ப்பை இடித்து ஆட்களை ஊருக்கு வெளியே தூக்கிப் போட்ட பிறகு அவரால் வர முடியவில்லை. அதனால் அலுவலகம் போகுமுன் எல்லாம் இவளே. காய்கறிகளை நறுக்கி வெந்நீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேறு தண்ணீரில் வேகவைக்கிறாள். சிறுநீரகம் வேலை செய்யாதவனுக்குக் காயில் இருக்கும் பொட்டாசியம் ஆகாது. தேங்காயும் ஆகாது. திருநெல்வேலிக்காரன் தேங்காய் இல்லாமல் சாப்பிடுவதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். தட்டில் இருந்தது பீன்ஸ் மாதிரி இருந்தது. வாயில் போட்டால் எதுவாகவும் இல்லை.

சாப்பாடு முடிந்ததும் தம்பி என்னைப் பார்த்தான். நானும் கடமையைச் செய்தேன். அடுக்களையில் கோமதியிடம், “அவன் வேண்டாங்கானே” என்றேன்.

“அவிய அப்படித்தான் சொல்லுவாவ மைனி. ரசம் இன்னும் கொஞ்சம் விடட்டா?” என்றாள். பேச்சுவார்த்தை அத்தோடு முடிந்தது.

மறுநாள் மருத்துவமனையில் குழு விசாரணை. உறுப்புத் தருபவர் மனமொப்பித்தான் தருகிறாரா, யாராவது மிரட்டியோ ஆசைகாட்டியோ வாங்குகிறார்களா என்று டாக்டர்கள் சிலர் உட்கார்ந்து, காமிரா ஓடவிட்டு, தனித்தனியே கேட்பார்கள். நல்ல ஏற்பாடு. பல வீடுகளில் பெண்டாட்டி கொடுப்பாள், புருஷன் வாங்குவான். இந்தக் குழு இல்லாவிட்டால் ஏன் என்று கேட்க ஆள் இருக்காது.

போகிற வழியில் எங்கள் இ-ரிக்‌ஷா பாலத்து ஏற்றத்தில் பாதியில் நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கி இருக்கையைத் தூக்கி அடியில் எட்டிப் பார்த்தார். கோமதி, “ஜல்தி பையா, ஜல்தி” என்றாள். அவர் ஏதோ பதில் சொன்னார். பேட்டரி தூங்குகிறதாம், எழுப்பிப் பார்க்கிறாராம். அது எழுந்திருக்கவில்லை. மூடுபனியில் முருகேசனுக்கு மப்ளரைச் சுற்றி, நான் ஒரு கையும் தீபா ஒரு கையுமாகப் பிடித்து நடத்திக் கூட்டிப்போனோம். அவன் கையில் சதையே இல்லை. ஸ்வெட்டரைப் பிடித்துக்கொண்டு நடப்பது போல இருந்தது.

கோமதி உள்ளே போனாள், சீக்கிரமே வெளியே வந்தாள். முகம் சரியில்லை. அடுத்து உள்ளே போன முருகேசனும் வெளியே வந்த பின் ஒரு பெண் வந்து, இன்னொரு நாள் மறுபடி வரவேண்டும், அதற்குள் ஆலோசகர் ஒருவர் கோமதியோடு தனியாகப் பேசுவார் என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனாள்.

நடந்தது என்ன என்பதை தீபாதான் கேட்டுக் கேட்டு வாங்கினாள். குழுத் தலைவி ஒரு வயதான பெண் டாக்டர். இது யாருடைய முடிவு என்று கேட்டிருக்கிறார். கோமதி, “வீட்டுக்காரர் சொன்னார்” என்றிருக்கிறாள். அவர் சொல்லாவிட்டால் கொடுத்திருக்க மாட்டீர்களா என்று கேட்டதற்கு, அவர் சொல்லாமல் நான் எதுவும் செய்வதில்லை என்று பதில். தலைவி காமிராவை நிறுத்தச் சொல்லிவிட்டார். முருகேசனைக் கூப்பிட்டுக் கேட்டபோது அவன் கோபத்தில், “அவளையே கேளுங்கள்” என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டான். பார்ப்பவர்களுக்கு என்ன தோன்றும்? மிரட்டி வாங்குகிறவன் மாதிரியேதான் இருந்திருப்பான்.

“அம்மா எப்பவும் அதேதான் சொல்றா அத்தை. ஃப்ரிட்ஜ் வாங்கினா பப்பா சொன்னார்னு சொல்வா, நான் காமர்ஸ் எடுத்தா பப்பா சொன்னார்னு சொல்வா. பப்பாக்கு நான் காமர்ஸ்னு தெரிஞ்சதே அட்மிஷன் ஆனப்புறம்தான்” என்றாள் தீபா.

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இது ஊறிப்போன பழக்கம். எல்லாவற்றையும் தாங்களே தீர்மானித்துவிட்டு, வெளியாள் முன்னால் மட்டும் அவிய சொன்னாவ என்பார்கள். அதைக் கேட்கும் எங்களூர் ஆளுக்கு உண்மை என்ன என்று தெரியும். தில்லி டாக்டருக்கு எப்படித் தெரியும்?

முருகேசனுக்கோ ஒரே திருப்தி. “பாத்தியாக்கா, அதுவா நின்னு போச்சு” என்றான். சாவதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை நான் பார்த்ததில்லை. அவன்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அடுத்த நாள் என் கருத்தரங்கு. மெட்ரோவில் பெண்கள் பெட்டி தனியாக இருக்கிறது. அங்கேயும் இடிக்கிறார்கள், ஆனால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இடிக்கிறார்கள். மாறவேண்டிய நிலையத்தில் எதிர்த் திசை ரயிலில் ஏறி, இரண்டு நிலையம் போன பிறகுதான் உணர்ந்தேன். பக்கத்தில் இருந்த பெண் என் தாளில் எழுதியிருந்த இடத்தைப் பார்த்து, கையை நேர் பின்பக்கம் காட்டிவிட்டு, ஆறுதலுக்கு ஒரு ஆரஞ்சுச் சுளையும் கொடுத்தாள்.

நான் அங்கே பேசியது சுருக்கமாக இதுதான். நாற்காலிக்கு மரம் பருப்பொருள். அதை நாற்காலியாக்கும் அமைப்பு வடிவம். இதுவரை எளிது. உயிருள்ளவற்றில்தான் சிக்கல். போன மாதம் தின்ற சோறு இன்றைக்கு என் கை. இன்றைய கையில் இருப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குளியலறைத் தண்ணீரோடு போய்விடும். பொருள் இப்படி வந்து வந்து போக, நான் நானாகவே இருக்கிறேன் என்றால், என்னை நானாக்குவது வடிவம். அந்த வடிவம் வெளித்தோற்றம் அல்ல. என் பிணத்துக்கும் இதே மூக்குதான் இருக்கும். உடம்பு முழுவதும் சேர்ந்து வேலை செய்யும் விதம்தான் வடிவம். ஆகவே ஓர் உறுப்பு எந்த உடம்பின் வேலையில் சேர்ந்திருக்கிறதோ அந்த உடம்புக்கே சொந்தம். ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவரிடம் வைத்த சிறுநீரகம், வேலை செய்யத் தொடங்கியதுமே வாங்கியவருடையதாகிவிடுகிறது. நடுவில், பனிக்கட்டிப் பெட்டியில் இருக்கும்போது யாருடையது? அப்போது அது சிறுநீரகமே அல்ல என்றேன். இந்த இடத்தில் கைதட்டல் வரும் என்று எதிர்பார்த்தேன்.

சிவப்புச் சால்வை போர்த்திய ஓர் இளம் பெண் எழுந்தாள். நோய் எதிர்ப்பைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவளாம். “சோறு வயிற்றில் சிதைந்து தன் வடிவத்தை இழக்கிறது. அதனால்தான் அது நீங்களாக முடிகிறது. சிறுநீரகம் தன் வடிவத்தோடேயே உள்ளே போகிறது. அதனால்தான் உடம்பு அதை அந்நியன் என்று கண்டுபிடித்து அடிக்க வருகிறது. அடிக்காமல் இருக்க ஆயுள் முழுக்க மாத்திரை போட்டு உடம்பின் கையைக் கட்டிவைக்கிறார்கள். அது அவருடையதுதான் என்றால், அவர் உடம்புக்கு ஏன் அது தெரியவில்லை?” என்று கேட்டாள்.

யோசிக்கிறேன் என்று பதில் சொன்னேன். தத்துவக்காரர்கள் தோற்றுவிட்டால் அப்படித்தான் சொல்வோம். மதியம் சோலே பட்டூரா. பட்டூரா ஆளை மிரட்டும் அளவில் உப்பியிருந்தது; விரலால் குத்தியதும் அடங்கிவிட்டது. சர்க்கரையை மறந்து இரண்டு தின்றேன். அவை எந்தத் தகராறும் செய்யாமல் நானாகிவிடும் என்று எனக்குத் தெரியும். வீட்டில் இருக்கும் தம்பியை நினைத்தபோது மூன்றாவது இறங்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் முருகேசனுக்குக் காய்ச்சல் வந்தது. டயாலிசிஸுக்காகக் கழுத்தில் போட்டிருந்த குழாய் வழியாகத் தொற்று ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்து, மருந்து ஏற்றி, ஒரு வழியாகக் காய்ச்சலை இறக்கினார்கள். டாக்டர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். இந்த முறை தப்பித்தார், இன்னொரு முறை இப்படி வந்தால் தாங்கமாட்டார். மாற்று அறுவை செய்வதென்றால் இப்போது செய்ய வேண்டும் என்றார். கல்லூரிக்குப் போன் செய்து விடுப்பை நீட்டினேன். நீதிபோதனை கொஞ்ச நாள் காத்திருக்கும்.

குழுவுக்கு மறுபடி போகுமுன் வீட்டில் ஒத்திகை நடந்தது. தீபா டாக்டராக நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். “யாருடைய முடிவு?” என்று இந்தியில் கேட்பாள். கோமதி, “என்…” என்று தொடங்குவாள். அதற்குமேல் வராது. மறுபடி கேட்டால், “நாங்க ரெண்டு பேரும்…” என்று இழுப்பாள். “அம்மா! ‘நான்’ சொல்லும்மா, ‘நான்’! பஸ், அவ்வளவுதான், ஒரு வேர்ட்!” என்று தீபா கத்தினாள்.

“எனக்குத் தெரியும்ட்டி. ஆனா நாலு பேரு முன்னால அவிய பேச்சைத் தாண்டி நான் முடிவு எடுத்தேன்னு எப்படிச் சொல்ல? அவியளுக்கு மானக்கேடா இருக்காதா?” என்றாள் கோமதி.

உயிர் போகிற நேரத்தில் மானக்கேடு பார்க்கிறாளே என்று எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆலோசகரிடமும் இதே கூத்துத்தான் நடந்திருக்கிறது. அவர் தம் அறிக்கையில் தயக்கம் தெரிகிறது என்று எழுதிவிட்டார்.

இரண்டாவது விசாரணைக்கு உறவினர் ஒருவர் என்ற முறையில் என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். நீள மேசை, ஓரத்தில் ஹீட்டர், காமிராவுக்குப் பக்கத்தில் ஒரு மலையாள நர்ஸ். அந்த வயதான டாக்டர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார். “இந்த அம்மாள் மனப்பூர்வமாகத் தருகிறார் என்று நீங்கள் நினைக்கிறீர்களா?”

தம்பி என்னை வரவழைத்தது இந்த ஒரு கேள்விக்காகத்தான் என்று சொல்லலாம். தெரியவில்லை என்று தோளைக் குலுக்கியிருந்தால் போதும். அவன் கேட்டது நடந்திருக்கும். அவனும் போய்ச் சேர்ந்திருப்பான். நான் சாதாரணமாக எதிலும் சட்டென்று கட்சி எடுக்காதவள். என் தொழிலே அதுதான். அன்றைக்கு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“இந்தச் சிறுநீரகம் வேண்டாம் என்பவனே என் தம்பிதான். இவளைத் தடுக்கத்தான் என்னை இவ்வளவு தூரம் வரவழைத்தான். இவளோடு அவன் பேசுவதுகூட இல்லை” என்றேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். கோமதி என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தாள். வீட்டு விஷயத்தை வெளியே சொல்லிவிட்டேன் அல்லவா? டாக்டர் அவள் பக்கம் திரும்பி, கணவர் வேண்டாம் என்று சொல்லியுமா தருகிறீர்கள், அவர் உடம்பு இதை ஏற்காமலும் போகலாம் என்று தெரியுமா என்று கேட்டார்.

கோமதிக்குக் கோபம் வந்தது. கோபத்தில் இந்தி ஓடிப்போய்த் தமிழ் வந்துவிட்டது. “அவிய வேண்டாம்னா விட்டுருவேனா? இருபத்தெட்டு வருஷமா அவிய உடம்புல இருக்கது அம்புட்டும் என் அடுப்புல வெந்ததுதான். எதை நான் கேட்டுப் போட்டேன்? காயை ரெண்டு தடவை வேகவச்சுப் போடுதேன், அது அவிய கேட்டதா? கேட்டதைப் போட்டிருந்தா எப்பமோ போயிருப்பாவ. என்ன உள்ள போணும்னு நான்தான் முடிவு பண்ணுதேன். இதையும் நான்தான் பண்ணுவேன்!”

அறையில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, மலையாள நர்ஸைத் தவிர. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் இந்தியில் சொன்னாள். அடுப்பு வந்த இடத்தில் மேசை ஓரத்தில் இருந்த இளம் டாக்டர் சிரித்துவிட்டார். தலைவி சிரிக்கவில்லை. காமிரா ஓடிக்கொண்டிருக்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டு, பேனாவை எடுத்தார்.

கோமதியின் வாதத்தில் ஓட்டை இருக்கிறது. சோறு வேறு, சிறுநீரகம் வேறு. சிவப்புச் சால்வைப் பெண் எனக்குப் போட்ட அடி அவளுக்கும் பொருந்தும். நான் வாயைத் திறக்கவில்லை. எல்லா ஓட்டையையும் எல்லா இடத்திலும் சுட்டிக்காட்ட வேண்டும் என்று கட்டாயமா என்ன?

அனுமதி வந்ததும் முருகேசன் சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டான். படுக்கையில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். “அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா உன்னைச் சும்மா விடமாட்டேன்” என்று மட்டும் சுவரைப் பார்த்துச் சொன்னான். நான் சரி என்றேன்.

அறுவைக்கு முந்தின நாள் வார்டில் போட்டுக்கொள்ளக் கோமதிக்கு உல்லன் காலுறை வாங்க தீபா என்னைக் கரோல் பாக்குக்குக் கூட்டிப்போனாள். கடைக்காரர் என் புடவையைப் பார்த்ததுமே, “வாங்கம்மா, சஸ்தா, சஸ்தா” என்று மலிவு விலை சொல்லிக் கூப்பிட்டார். தீபா பேரம் பேசவேயில்லை. அவள் பேரம் பேசாமல் வாங்கியதை நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். திரும்பும்போது மெட்ரோவில் என் தோளில் சாய்ந்து, “ரெண்டு பேரும் ஒரே டைம்ல உள்ளே போவாங்கல்ல அத்தை?” என்றாள். நான் அவள் தலையைத் தடவினேன்.

மறுநாள் காலையில் இருவரையும் அடுத்தடுத்த அறைகளுக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். காத்திருக்கும் கூடத்தில் ஒரு பஞ்சாபிக் குடும்பம் பராத்தாவும் ஊறுகாயும் கொண்டுவந்திருந்தது. முன்பின் தெரியாத எங்களுக்கும் ஆளுக்கொன்று கையில் வைத்தார்கள். எங்களூர் ஆஸ்பத்திரியாக இருந்தால் முதலில் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்திருப்பார்கள். இவர்கள் சாப்பிடச் சொல்லிவிட்டு, யாருக்கு ஆபரேஷன் என்று பிறகுதான் கேட்டார்கள்.

பிற்பகலில் அறுவை செய்த டாக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்தார். புதுச் சிறுநீரகம் வேலை செய்து, அறுவை மேசையிலேயே சிறுநீர் வந்துவிட்டது என்றார். தீபா என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். பஞ்சாபிக் குடும்பம் எழுந்து நின்று கைதட்டியது. மூத்திரம் வந்ததற்குக் கைதட்டுவார்கள் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். நானும் தட்டினேன்.

மறுநாள் முருகேசனைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கவிட்டார்கள். போனில் பேசலாம். முகத்தில் இருந்த அந்தச் சாம்பல் நிறம் அதற்குள் குறைந்திருந்தது. என்னைப் பார்த்ததும், “அவ எப்படி இருக்கா?” என்றான். நல்லா இருக்கா என்றேன். போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டான்.

“அக்கா, அவ கிட்னிக்கு ஒண்ணும் ஆகாம நான் பாத்துக்கிடுதேன்னு அவட்டச் சொல்லு” என்றான்.

இரண்டு மாடி இறங்கிக் கோமதியின் வார்டுக்குப் போனேன். வலியில் உதடு காய்ந்து கிடந்தாள். அவன் பேசுவதை நிறுத்திய பிறகு அவளுக்கு அனுப்பிய முதல் வார்த்தை அது; ஒரு எழுத்து மாற்றாமல் சொன்னேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள். பிறகு கட்டுப் போடாத பக்கத்து விலாவில் கையை வைத்தாள்.

“என் கிட்னி இங்கல்லா இருக்கு மைனி. அது அவியளுது. யாருக்கும் பயப்படாம வச்சுக்கிடச் சொல்லுங்க.”

அதைச் சொல்ல மறுபடி மாடி ஏறினேன். லிஃப்டில் யாரும் இல்லை. கதவு மூடியதும் வாய்விட்டு அழுதேன்.